குடிக்காதவளின் கல்லீரல்

2007-ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நூற்று நாற்பது பேர் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த கேன்டீனில் வைத்து, ஆரோக்கியமேரியைக் குடிகாரி ஆக்கினார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்டுக்கும் எண்ணெய்க்கும் தகர டப்பா செய்யும் கம்பெனி அது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். அந்த வருடம் பிரஸ் மெஷினில் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன. மெஷினின் தடுப்புக் கம்பி உடைந்து மாதக்கணக்காகிறது என்று தொழிலாளிகள் சொன்னார்கள். அவன் குடித்துவிட்டு வந்தான் என்று நிர்வாகம் சொன்னது. நிர்வாகம் சொன்னதுதான் நோட்டீஸ் பலகையில் ஏறியது. அதோடு ஒரு புதிய விதியும் வந்தது. மெடிக்கல் ரிப்போர்ட்டில் குடிப்பழக்கம் என்று வந்தவர்களுக்கு இனிமேல் மெஷின் கட்டடத்துக்குள் வேலை கிடையாது.

அந்தப் பட்டியலைத்தான் சேஃப்டி சூப்பர்வைசர் தேசப்பன் கேன்டீன் வாசலில் நின்று படித்தான். முதல் நான்கும் ஆண்களின் பெயர்கள். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஐந்தாவதாக, "மூடி செக்கிங், ஆரோக்கியமேரி" என்றான்.

ஆரோக்கியமேரியின் கை அப்படியே சோற்றில் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அவங்க வேதத்துல ஒயின் உண்டுல்ல" என்று இன்னொரு குரல். அந்தப் பக்கமிருந்து மேலும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆரோக்கியமேரி கத்துகிற ஜாதியில்லை. எச்சில் கையோடு எழுந்து தேசப்பனிடம் போனாள்.

"இன்னா படிச்ச? இன்னொருவாட்டி படி."

"நான் எழுதல மேரிம்மா. டாக்டர் எழுதினது. பேப்பர்ல இருக்கறத படிச்சேன்."

"அதத்தான் காட்டு."

அவள் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிப்பாள். அவளுடைய பெயருக்கு நேரே 'ஆல்கஹாலிக் லிவர்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இங்க ஒரு கேள்விக்குறி இருக்குதே. இத ஏன் படிக்கல?"

தேசப்பன் நிஜமாகவே குழம்பிப்போனான். "கேள்விக்குறிய எப்டிம்மா படிக்கிறது?"

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அந்தக் கம்பெனியில் பதினாறு வருடம். பொன்னேரியிலிருந்து காலை ஆறு பத்து ரயிலில் வருவாள். பெல்ட்டில் ஓடி வரும் மூடிகளில் நெளிந்ததையும் கீறல் விழுந்ததையும் எடுத்து எறிவதுதான் வேலை. எட்டு மணி நேரமும் ஸ்டூலில். வேலை நேரத்துக்குள் கம்பெனி நான்கு முறை டீ கொடுக்கும், சர்க்கரை கெட்டியாக. பதினொரு மணிக்கு ஒரு பன். அவள் அப்பா பொன்னேரி வயல்களில் களம் காத்தவர், சாராயத்தில் போனார். ரத்த வாந்தி எடுத்து அவர் செத்ததைப் பதினொரு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் மேரி. ஜலதோஷத்துக்குப் பிராந்தி தடவுகிற வீடுகளில்கூட அவள் உட்காரமாட்டாள். அந்த நாற்றமே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் மோசஸ் தினமும் மாலையில் ஒரு குவார்ட்டர் குடிப்பான் என்பது வேறு கதை. இருபத்து மூன்று வருடமாக அந்த நாற்றத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டை மூடிவிட்டுப் பர்சனல் ஆபீசர் தணிகாசலத்தின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உட்காரும்மா. நானும் பாத்தேன். எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சி."

"நான் குடிக்கறதில்ல சார்."

"நான் நம்பறேம்மா. ஆனா டாக்டர் எழுதினா எழுதினதுதான். நாளைலேர்ந்து ஸ்க்ராப் யார்டுக்குப் போ. கொஞ்ச நாள்."

"நம்பறேன்னு சொல்றீங்க. யார்டுக்குப் போன்னும் சொல்றீங்க."

தணிகாசலம் பேனாவை மூடித் திறந்தார். "ஒண்ணு பண்ணு. உன் ஊட்டுக்காரர் கையெழுத்து போட்டு, என் மனைவிக்குக் குடிப்பழக்கம் இல்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்லு. மேல அனுப்பிப் பாக்கறேன்."

"என் ஊட்டுக்காரர் தெனம் குடிக்கிறாரு சார். நான் குடிக்கலன்னு அவரு எழுதணுமா?"

"அவரு குடிக்கறது கம்பெனிக்கு சம்பந்தமில்லம்மா."

ரயிலில் வரும்போது ஜன்னலோரம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள்.

மோசஸ் பொன்னேரி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன். விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு ஒல்லி. அன்றைய குவார்ட்டரை முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சொன்னதும் சிரித்தான். புரையேறும் வரை சிரித்தான்.

"எனக்குத் தெரியாம எங்கடி ஒளிச்சி வெச்சிக்கினு குடிச்ச? எனக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாமில்ல?"

கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் சிரித்தது அவளை இந்த அளவுக்கு எரிக்கவில்லை. அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவன் முன்னால் போட்டாள். விஷயம் நிஜம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நோட்டை மடியில் வைத்து எழுதினான். எழுதி முடித்துப் பெருமையோடு வாசித்தும் காட்டினான்: "என் மனைவி ஆரோக்கியமேரி நல்ல ஒழுக்கமுள்ளவள், அதற்கு நான் உறுதி."

"என் ஒழுக்கத்துக்கு நீ உறுதியா?"

"அவங்க கேட்டாங்கன்னு நீதான சொன்ன?"

அவள் அந்தத் தாளைக் கையில் வாங்கி நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் காலையில் ஸ்க்ராப் யார்டுக்குப் போனாள்.

யார்டு என்பது கம்பெனியின் பின்பக்கம், கூரை இல்லாத ஒரு பொட்டல். வெட்டி மிஞ்சிய தகரத் துண்டுகள் அங்கே குவியும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பெயிண்ட் ஒட்டியதைத் தனியாக, வெறும் தகரத்தைத் தனியாகப் பிரிக்கவேண்டும். கூடையில் அள்ளி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சுமக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கணக்கில்லை. முதல் வாரம் கணுக்கால் வீங்கியது. முழங்கையில் ஏழு இடத்தில் தகரம் கிழித்தது. பழைய செக்கிங் பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடந்தார்கள்.

ஒருத்தி மட்டும் தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு யார்டுக்கே வந்தாள். ஹுமைரா. பழவேற்காட்டுக்காரி. கணவன் போனபிறகு, சொந்தபந்தங்களின் முணுமுணுப்பையெல்லாம் கேட்டுக்கொண்டே வேலைக்கு வந்தவள். பேக்கிங்கில் இருந்தாள்.

"உன்னையும் சேத்து பேசப்போறாங்க" என்றாள் மேரி.

"பேசட்டும்க்கா. எங்க ஜனத்துல குடிச்சேன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அந்த ஒரு தெகிரியம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ சண்ட போடறது சரி. ஆனா கல்லீரல்ல இன்னாமோ இருக்குன்னுதான ரத்தத்துல வந்திருக்கு? குடிக்காமலே வந்திருக்குன்னா, அது இன்னா நோவுன்னு நீ பாத்தியா?" என்றாள்.

மேரி பார்க்கவில்லை. அந்த வார்த்தையின் மீதிருந்த ஆத்திரத்தில் அதன் பின்னால் ஒரு நோய் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கல்லீரலுக்கென்று தனிப் பிரிவு இருப்பதாக ஹுமைரா விசாரித்துச் சொல்லியிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி ஆண்கள். வயிறு ஊதி, கண் மஞ்சளித்து, அப்பாவின் கடைசி மாதத்தைப்போலவே இருந்தார்கள். அவள் பத்தே காலுக்கு வந்தவள், உள்ளே போகும்போது மணி ஒன்றரை. டாக்டர் அருணா என்று மேஜையில் பலகை. முப்பத்தைந்து வயதிருக்கும். தலைநிமிராமலே முதல் கேள்வியைக் கேட்டாள்.

"குடிப்பீங்களா?"

அவ்வளவுதான். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் வந்துவிட்டது. கேன்டீன், தேசப்பன், கேள்விக்குறி, தணிகாசலம், கிழித்த கடிதம், யார்டு, எல்லாம். "நீங்களும் எழுதிக்கோங்க. குடிகாரின்னு பெருசா எழுதிக்கோங்க" என்று முடித்தபோது அறையில் இருந்த இரண்டு மாணவர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாரையும் கேக்கறதுதாம்மா அது. இல்லன்னா இல்லன்னு எழுதிக்குவேன். அந்த ரிப்போர்ட்டக் குடுங்க."

கம்பெனி ரிப்போர்ட்டை ஒரு நிமிடம்போலப் பார்த்தாள். பிறகு அதை மேரியின் பக்கம் திருப்பி, மேலும் கீழுமாக இருந்த இரண்டு எண்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"இது ரெண்டும் கல்லீரல் கெடும்போது ரத்தத்துல ஏர்றது. குடிக்கறவங்களுக்குப் பெரும்பாலும் மேல இருக்கறது ஜாஸ்தியா இருக்கும். உங்களுக்குக் கீழ இருக்கறது ஜாஸ்தி. இத வெச்சே முடிவு சொல்லிட முடியாது. ஆனா பாத்தவங்க யோசிச்சிருக்கணும்."

"இதுலயே இருந்துச்சா?" என்றாள் மேரி. "இந்தப் பேப்பர்லயேவா?"

டாக்டர் எழுந்து வந்து அவளுடைய இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்தாள். பிரஷர் பார்த்தாள். பிறகு பின்கொண்டையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். மேரி சட்டென்று சேலைத்தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்தக் கழுத்து அவளுடைய பழைய அவமானம். கல்யாணமான புதிதிலேயே பிடரியில் கருப்பு படிய ஆரம்பித்துவிட்டது. வெல்வெட் துணிபோல் தடித்த கருப்பு. அக்குளிலும் இருந்தது. "குளிக்கச் சொன்னா தண்ணிய மட்டும் ஊத்திக்கினு வர்றா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மேரி கடலைமாவு தேய்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், பீர்க்கங்கூடு தேய்த்தாள். ஒருமுறை பாத்திரம் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ரத்தம் வந்தது. மகள் ஸ்டெல்லா வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருக்கிறது என்றார்கள். குழந்தை நாலே கால் கிலோ. பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது, இனி ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்ப எப்போதாவது வந்து பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இடுப்பு ஒரு விரல்கடை பெருத்தது.

"இது எத்தன வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டாள்.

"அழுக்கு இல்ல டாக்டர். தெனம் குளிக்கிறேன்."

"அழுக்குன்னு யார் சொன்னது? இது தேய்ச்சா போகாதும்மா. உள்ள இருந்து வர்றது."

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கிறது. அதை உடம்புக்குள் எடுத்துக்கொள்ளச் செய்வது இன்சுலின். மேரியின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் சுரந்து தள்ளுகிறது. அவ்வளவு இன்சுலின் ரத்தத்தில் நிற்கும்போது சர்க்கரை அளவு பார்வைக்கு ஏறக்குறைய ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கழுத்து கறுக்கும், இடுப்பு பெருக்கும், பிரஷர் ஏறும், மிஞ்சியதெல்லாம் கொழுப்பாகிக் கல்லீரலில் போய்ப் படியும். படிந்த கொழுப்பு சிலருக்குச் சும்மா கிடக்கும். சிலருக்குக் கல்லீரலை வீங்கவைத்து, புண்ணாக்கி, தழும்பாக்கிவிடும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்களுக்கு, குடித்தவர்களுக்கு வருவதுபோலவே.

"அப்ப இருவது வருஷமா கழுத்துலயே எழுதி வெச்சிருந்திச்சா?"

"அப்படித்தான் சொல்லணும்."

"நான் பிரஷ் போட்டுத் தேய்ச்சிக்கினு இருந்தேனே டாக்டர்."

நோயைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மாமியார் இருந்திருந்தால் அன்றைக்கே போய்க் கேட்டிருப்பாள். மாமியார் செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. செத்தவளிடம் என்னவென்று கேட்பது? பிரசவம் பார்த்த டாக்டரம்மா எங்கே இருக்கிறாளோ. வருடாவருடம் எடை பார்த்து, "குண்டாகிக்கினே போறீங்க" என்று சிரித்து எழுதிக்கொண்ட கம்பெனி நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாள். அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் குறை சொன்னார்கள்.

ஸ்கேன் எடுத்ததில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு என்று வந்தது. எவ்வளவு தழும்பு என்று தெரிய, விலாவுக்கு நடுவே ஊசி விட்டு ஒரு நூல் அளவுக்குச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்த நாளில் மோசஸ் கூட வந்தான். குடிக்காமல் வந்தான். அவள் ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தபோது வெளியே பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். மாலையில், "பயந்துட்டேன் மேரி" என்றான். அவளுக்குக் கொஞ்சம் மனசு இளகியது. அந்த இளக்கத்தில்தான், "இவரோட ரத்தத்தையும் பாத்துடுங்க டாக்டர்" என்று சொன்னாள்.

ஒரு வாரத்தில் இரண்டு ரிப்போர்ட்டும் வந்தன. மேரிக்கு இரண்டாம் கட்டத் தழும்பு. நான்காவது கட்டம் வந்தால் கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிவிடும், அங்கே போகவிடாமல் நிறுத்தவேண்டும் என்றாள் டாக்டர். மோசஸின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

மேரி அந்தத் தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"தப்பா வந்திருக்கும். இன்னொருவாட்டி பாருங்க."

"தப்பில்லம்மா. ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. இன்னைக்கு நல்லா இருக்குன்னு அர்த்தமே தவிர, குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. அண்ணே, உங்களுக்குந்தான் சொல்றேன்."

மோசஸ் மிகவும் பணிவாகத் தலையாட்டினான். வெளியே வந்து ரயில் ஏறியதும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் மெல்ல மெல்ல ஏறுவதை மேரி பார்த்தாள். பொன்னேரி வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அதில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்காது.

கம்பெனி டாக்டர் வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை காலையில் வருவார். டாக்டர் அருணா எழுதிக்கொடுத்த கடிதத்தோடு மேரி போனாள். தணிகாசலமும் அங்கே இருந்தார். கம்பெனி டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார்.

"சரிம்மா. பிரச்சன இல்ல. இந்த ஏரியால இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தா நூத்துல தொண்ணூறு பேருக்குக் குடிதான் காரணம். அதனால அப்படி எழுதறது."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா யாரும் உண்மைய சொல்றதில்ல."

"கேக்காமலே தெரிஞ்சிக்கினீங்க." அவள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். தகரம் கிழித்த ஆள்காட்டி விரலை அந்த இரண்டு எண்களின்மேல் வைத்தாள். "மேல இருக்கறதவிட கீழ இருக்கறது ஜாஸ்தி. இதுக்கு இன்னா அர்த்தம் சார்? நான் எட்டாவது. நீங்க சொல்லுங்க."

அவர் மடித்த கடிதத்தை மறுபடியும் பிரித்தார். காதுமடல் சிவந்தது. தணிகாசலம்தான் இடையில் புகுந்தார். திருத்திய ரிப்போர்ட் தருகிறோம், திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்துக்கே வா என்றார்.

"கேன்டீன்ல படிக்கணும்."

"எத?"

"எனக்குக் குடிப்பழக்கம் இல்ல, கம்பெனி தப்பா எழுதிடுச்சின்னு. அதே எடத்துல. அதே ஆள்."

"அதெல்லாம் வழக்கமில்லம்மா."

"குடிகாரின்னு படிக்கறது வழக்கமா சார்?"

தணிகாசலம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். மேரி இன்னும் தணிந்த குரலில் சொன்னாள்: "இல்லன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதுவேன். எழுதறப்போ பிரஸ் மெஷின் தடுப்பு ஒடஞ்சது எந்த மாசம்னும் சேத்து எழுதுவேன். பதினாறு வருஷமா அதுக்கு எதுத்தாப்லதான் ஒக்காந்திருந்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

அந்த வாரத்திலேயே பிரஸ் மெஷினுக்குப் புதிய தடுப்பு வந்தது. அடுத்த வியாழக்கிழமை மதியம் தேசப்பன் ஒரு தாளோடு கேன்டீன் வாசலுக்கு வந்தான். தாடைக்குள்ளேயே வார்த்தைகளை மென்று வேகவேகமாகப் படித்தான்.

"கேக்கல" என்றாள் மேரி, தன் இடத்தில் உட்கார்ந்தபடியே. "அன்னிக்கிப் படிச்ச மாதிரி படி."

அவன் மறுபடியும் படித்தான். இந்தமுறை கேட்டது. யாரும் கை தட்டவில்லை. ஒருவரும் அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. ஒயினைப் பற்றிப் பேசிய குரலுக்குச் சொந்தக்காரன் ரசம் வாங்க எழுந்து போனான். ஹுமைரா மட்டும் மேஜைக்கடியில் அவள் முழங்காலைக் கிள்ளினாள்.

அன்று மாலை ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறும் இடத்தில் பரசுராமன் அவளிடம் வந்தான். பட்டியலில் இருந்த நான்கு ஆண்களில் ஒருவன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆளும் பருமன், சர்க்கரையும் உண்டு.

"நான் குடிய உட்டு ஆறு வருஷமாச்சிக்கா. சொன்னா எவனும் நம்பல. ஊட்டுலயே நம்பல. என் பொண்டாட்டி மறுபடியும் என் சட்டப்பைய சோதிக்க ஆரம்பிச்சிட்டா."

மேரி ஆஸ்பத்திரியின் பெயரும் நாளும் நேரமும் அவன் கையில் இருந்த பீடிக்கட்டின் காகிதத்திலேயே எழுதிக்கொடுத்தாள். "ரிப்போர்ட்ட நீயே படிக்கக் கத்துக்கோ" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் அருணா அவளை எடை பார்த்தபோது எழுபத்தெட்டிலிருந்து எழுபத்து மூன்றுக்கு வந்திருந்தது. ரத்தத்தில் அந்த இரண்டு எண்களும் இறங்கியிருந்தன. டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர்ம்மா. டீல சர்க்கரைய நிறுத்தினீங்க, சோறு கொறச்சீங்க, அது சரி. நடக்கச் சொன்னேனே, எங்க நடந்தீங்க?"

"ஸ்க்ராப் யார்டுல தகரம் பொறுக்கினேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "அப்ப கம்பெனி உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு."

"அந்த வார்த்த மட்டும் சொல்லாதீங்க டாக்டர்" என்றாள் மேரி. டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்டூல் அவளுடையது, அதனால் திரும்பப் போய் உட்கார்ந்தாள். சரியாக ஒரு மாதம் உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு தணிகாசலத்திடம் போய், குடோனில் சரக்கு எண்ணுகிற வேலை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். நாள் முழுக்க அடுக்குகளுக்கு நடுவே நடக்கிற வேலை அது. அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இவ்ளோ சண்ட போட்டியா? யார்டுல நடந்தப்போ வேணாம்ன, இப்ப நடக்கணும்ங்கற."

"அப்ப நீங்க அனுப்பினீங்க சார். இப்ப நான் போறேன்."

2009-இல் எடை அறுபத்தொன்பதில் நின்றது. சர்க்கரை வரவில்லை. கழுத்தின் கருப்பு பாதிதான் வெளுத்தது. ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது. ஆனால் தழும்பில் எவ்வளவு ஆறியது, எவ்வளவு அப்படியே நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டேயிருக்கவேண்டும் என்றார்கள். அவளும் போய்க்கொண்டிருந்தாள். மோசஸ் தினக் குவார்ட்டரை வாரத்துக்கு மூன்றாக்கினான். அதையே பெரிய தியாகம்போல அவன் சொல்லிக்கொள்வதை அவளால் பொறுக்கமுடியவில்லை. கம்பெனியில் பன் இன்னும் வந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூடி செக்கிங்கில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி டீயின்போது அங்கே போய், "எழுந்து நில்லுங்கடி, காலு மரத்துப்போச்சா?" என்று மேரி அதட்டுவாள். அவள் தலை மறைந்ததும் அவர்கள் சிரிப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அந்த வருடக் கடைசியில் ஹுமைராவின் மகள் சிஃபாவுக்குப் பழவேற்காட்டில் கல்யாணம். மேரியும் மோசஸும் போயிருந்தார்கள். பந்தியில் பரிமாறிய ஹுமைராவின் தம்பி தமீம் அன்சாரி, அக்காவின் உயிர்த்தோழி என்று கேள்விப்பட்டு, பிரியாணியை மலைபோல அவள் தட்டில் கவிழ்க்க வந்தான். மேரி இரண்டு கைகளாலும் தட்டை மூடினாள்.

"ஒரு கரண்டி போதும் தம்பி. கறி வை, வெங்காயம் வை."

"இன்னாக்கா இது, எங்க ஊட்டுக் கல்யாணத்துல வந்து ஒரு கரண்டியா? எங்க மேல எதுனா கோவமா?"

"உங்க மேல இல்லப்பா" என்றாள் மேரி. "ஆனா கோவந்தான். நீ ஒரு கரண்டி வை."

அவன் வைத்தான். பக்கத்தில் மோசஸ் தன் தட்டை ஏற்கெனவே நீட்டிவிட்டிருந்தான்.